பழைய டிஸ்கை ஒரு மாதம் அழிக்காதீர்கள்

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். சாலிகிராமத்தில் என் அறையில் உட்கார்ந்து ஒரு சீரியலுக்குப் பின்னணி இசை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மகனை விட்டுப் பிரியும் காட்சி. வயலின் செக்‌ஷன் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிற்க வேண்டும். நின்றது. நடுவில் அரை வினாடி அறுந்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது. திரும்ப ஓட்டினேன், இந்த முறை வேறு இடத்தில் அறுந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். மேசை மேல் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலிருந்து, சுவர்ப் பல்லி சொல்வதுபோல் இடைவெளி விட்டு விட்டு, டிக், டிக், டிக்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். டிஸ்கின் உள்ளே இருக்கும் ஹெட், அதாவது படிக்கும் முனை, ஓர் இடத்தைப் படிக்கப் போகிறது, முடியாமல் திரும்புகிறது, மறுபடி போகிறது. அப்படிப்பட்ட டிஸ்க் இன்னும் ஒரு வருஷம் ஓடினாலும் ஓடும், அன்று சாயங்காலமே நின்றாலும் நிற்கும். எபிசோடை எப்படியோ முடித்து அனுப்பிவிட்டு, சவுண்ட் லைப்ரரி, அதாவது கம்ப்யூட்டரில் வாசிக்க வாத்தியங்களைப் பதிவு செய்து வைத்த ஒலிகள், மொத்தத்தையும் புது டிரைவுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஏற்கெனவே மேக்கின் உள் டிரைவும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வாக 2 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன்.

என்னிடம் இருந்த சரக்கு இவ்வளவு. நான் இசையமைக்கும் மேக் மென்பொருளான லாஜிக்கின் சொந்த சவுண்ட் லைப்ரரியை முழுதாக இறக்கினால் 70 ஜிபி-யை ஒட்டி வரும். மென்பொருள் வாத்தியங்களில் ஆம்னிஸ்பியர் 64 ஜிபி, கீஸ்கேப் 77, ட்ரிலியன் 34. இந்த நான்கும் உள் டிரைவில் இருந்தன. உள் டிரைவோ மொத்தமே 512 ஜிபி; கிட்டத்தட்டப் பாதி இவற்றுக்கே போய்விட்டது. கான்டாக்ட் என்ற சாம்ப்ளர் மென்பொருளில் ஓடும் லைப்ரரிகள், அதாவது ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், கொயர், தாள வாத்தியங்கள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, டிக் டிக் என்கிற அந்த எக்ஸ்டர்னலில் 800 ஜிபி. எல்லாம் கூட்டினால் ஒரு டெராபைட்டுக்கு மேல்.

வெளியாட்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். ஒரு பியானோவுக்கு 20 ஜிபி-யா என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொரு கட்டையையும் தடவுவதுபோல் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை 10 அழுத்தங்களில் பதிவு செய்கிறார்கள். பெடல் அழுத்தியபடி ஒருமுறை, அழுத்தாமல் ஒருமுறை. தந்திக்குப் பக்கத்தில், வாசிப்பவர் காதருகில், அரங்கத்தின் நடுவில் என மூன்று இடங்களில் மைக். பெருக்கினால் 5,280 பதிவுகள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு வினாடி ஒலிக்கு 288 கிலோபைட் பிடிக்கும். ஒவ்வொரு பதிவும் சராசரியாக 15 வினாடி ஒலித்து அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 23 ஜிபி. இதில் கட்டையை விடும்போது வரும் 'தொப்' சத்தத்தையும் பெடல் முனகலையும் நான் சேர்க்கவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். கோடம்பாக்கத்தில் கீபோர்டு புரோகிராமராக நீண்ட காலம் இருந்தவர். அவர் கை வைத்த காலத்தில் ஆகாய் எஸ்1000 என்ற சாம்ப்ளர், அதாவது பதிவு செய்த ஒலியைக் கட்டையில் வாசிக்கத் தரும் பெட்டி, அதுதான் பெரிய விஷயம். 1988-இல் வந்தது. வாங்கும்போது 2 எம்பி மெமரி, முழுக்க ஏற்றினால் 32 எம்பி. அந்த 32 எம்பி-யில் ஸ்டீரியோ ஒலி மொத்தமே மூன்று நிமிஷம்தான் அடங்கும். ஒரு பாட்டுக்கு வேண்டிய ஸ்ட்ரிங்ஸ், தபலா, பேஸ் எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் திணிக்க வேண்டும். அதனால் ஒரே வயலின் பதிவை மேலும் கீழும் இழுத்து அரை ஆக்டேவ் வரை வாசிப்பார்களாம். அண்ணன் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார். "எது வேணும், எது வேண்டாம்னு தெரிஞ்சாதான் தம்பி அந்தப் பெட்டியைத் திறக்கவே முடியும்" என்பார்.

அந்த மூன்று நிமிஷச் சுவரை உடைத்தது 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள். யோசனை எளிமையானது. ஒலி முழுவதையும் மெமரியில் ஏற்றாதே. ஒவ்வொரு பதிவின் தலையை மட்டும் ஏற்றி வை. விரல் கட்டையைத் தொட்டதும் அந்தத் தலை ஒலிக்கும். அது ஒலித்து முடிவதற்குள் உடம்பை டிஸ்கிலிருந்து எடுத்து வந்து ஒட்டு. இன்றைக்கும் கான்டாக்ட் உட்படப் பெரும்பாலான சாம்ப்ளர் மென்பொருள்கள் இப்படித்தான் ஓடுகின்றன. கான்டாக்ட்டில் அந்தத் தலையின் அளவு வழக்கமாக 60 கிலோபைட். நாம் மேலே போட்ட கணக்குப்படி, வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு நேரத்துக்குள் டிஸ்க் மீதியைக் கொண்டுவந்து தர வேண்டும்.

ஹார்டு டிஸ்க் திணறுவது இங்கேதான். வேகம் போதாது என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் 100 பதிவுகள் ஒரே நேரத்தில் ஒலித்தாலும் வினாடிக்கு 29 எம்பி-தான் தேவை. சாதாரண ஹார்டு டிஸ்கே வரிசையாகப் படித்தால் 100 எம்பி தரும். ஆனால் இங்கே எதுவும் வரிசையாக இல்லை. செல்லோ ஒரு மூலையில், குழல் இன்னொரு மூலையில், பியானோவின் மூன்று மைக்கும் மூன்று ஃபைலில். ஹெட் ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து போய் நிற்க ஏறக்குறைய 10 மில்லி வினாடி ஆகிறது. ஆக, ஒரு வினாடியில் நூறு இடத்துக்கு மேல் அதால் போக முடியாது. கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் நூறு இலைக்கும் ஒவ்வொரு கரண்டியாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு ஓடுவதுபோல. ஏதோ ஓர் இலைக்குத் தாமதமாகும். அந்த இலைதான் அன்று அறுந்த என் வயலின். எஸ்எஸ்டி-யில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. எந்த மூலையில் இருந்தாலும் ஒரு மில்லி வினாடியின் சிறு பங்குக்குள் எடுத்துத் தந்துவிடும். சவுண்ட் லைப்ரரி என்பது ஒருமுறை எழுதிவிட்டு வருஷக்கணக்கில் படிக்கப்படுவது. அதனால் எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துபோகும் என்ற பயம் இந்த உபயோகத்துக்குப் பொருந்தாது.

சரி, காப்பி எடுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்து அண்ணனுக்கு போன் செய்தேன்.

"டிஸ்க் பேரு என்ன?" என்றார்.

"அன்டைட்டில்ட். வாங்கினப்ப அப்படித்தான் வந்துச்சுண்ணே. மாத்தவே இல்ல."

"அப்போ புதுசுக்கும் அதே பேரை வை."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் விளக்கினார். நாம் ஒரு பாட்டின் ப்ராஜெக்ட்டைச் சேமிக்கும்போது அதில் வயலின் சேமிக்கப்படுவதில்லை. வயலின் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்கிறது. இந்த டிஸ்க், அதில் இந்த ஃபோல்டர், அதற்குள் இந்த ஃபோல்டர், இந்த ஃபைல் என்று. தெருப் பெயரை மாற்றினால் தபால்காரர் திண்டாடுவார். டிஸ்கின் பெயர்தான் அந்த விலாசத்தின் முதல் வரி. என்னிடம் இருநூற்றுக்கு மேற்பட்ட பழைய ப்ராஜெக்ட்டுகள் 'அன்டைட்டில்ட்' என்ற தெருவைத் தேடிக்கொண்டுதான் திறக்கும். புது டிரைவுக்கு 'இசை' என்றோ 'சவுண்ட்ஸ்' என்றோ அழகாகப் பெயர் வைத்து அதை மேசை மேல் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அண்ணன் சொன்னதே சரி. பத்து வருஷத்துக்கு முன் பெயர் வைக்காமல் விட்டதற்கு இப்போது அந்தப் பெயரோடுதான் வாழ வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு சின்னப் பெயராக வைத்து, பிறகு ஆயுசுக்கும் மாற்றாமல் இருங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே விஷயம் டிரைவ் எழுத்தில் வரும். இன்றைக்கு இ, நாளைக்கு வேறு பென் டிரைவ் செருகியிருந்தால் எஃப் என்று அது தாவும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், பின்னால் இருக்கும் எழுத்து ஒன்றை, எஸ் (S) அல்லது டி (T) என்று, நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்கை மேக்கில் ஒன்றாகச் செருகினால், இரண்டாவதற்கு அது விலாசத்தில் தானே '1' என்று வால் ஒட்டிவிடும். அதனால் காப்பி ஓடும்வரை புதியதற்கு வேறு ஒரு பெயர். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, பிறகு பெயர் மாற்ற வேண்டும்.

அண்ணன் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். "மாத்தறப்ப அடுக்காதே. இருக்கிறது இருக்கிறபடி போகட்டும். அடுக்கறதெல்லாம் அப்புறம். அப்புறம், பழைய டிஸ்கை ஒரு மாசம் அழிக்காதே. மேலே தேதி எழுதி ஒட்டி பீரோல வை."

முதலாவதில் நான் ஒரே ஒரு இடத்தில் தவறினேன். இரண்டாவதைக் கேட்டதால் பிழைத்தேன்.

டிரைவைச் செருகியதும் முதல் கேள்வி, எந்த ஃபார்மட். கடையில் வரும்போது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். மேக், விண்டோஸ் இரண்டிலும் படிக்கும் என்பதால் அப்படியே வைத்துக்கொள்ளத் தோன்றும். சவுண்ட் லைப்ரரிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிள் ஆடினாலோ தன்னைச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு எக்ஸ்ஃபேட்டில் இல்லை. மேக்கில் உபயோகித்தால் பல ஃபைல்களுக்குப் பக்கத்தில் புள்ளியும் கோடும் முன்னால் போட்ட இன்னொரு குட்டி ஃபைல் முளைக்கும். சில சமயம் சாம்ப்ளரின் பட்டியலில் அதுவும் ஓர் இசைக்கருவிபோல் வந்து நிற்கும். லாஜிக்கின் லைப்ரரியை நகர்த்துவதற்கு ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் எக்ஸ்டெண்டட் ஃபார்மட்தான் வேண்டும். நான் ஏபிஎஃப்எஸ் போட்டேன். மேக்கையும் விண்டோஸையும் மாற்றி மாற்றி ஓட்டும் நண்பர்களுக்கு இரண்டு தனி டிரைவ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது கேபிள். இதில் ஒரு ராத்திரி போயிருக்க வேண்டியது. காப்பியை ஆரம்பித்துவிட்டுப் பார்த்தால் வினாடிக்கு 40 எம்பி-க்கு மேல் நகரவே இல்லை. 800 ஜிபி-க்கு ஐந்தரை மணி நேரம். டிஸ்க் பழசு, அதனால்தான் என்று விட்டுவிடப் பார்த்தேன். பிறகு உற்றுப் பார்த்தபோது நான் செருகியிருந்தது போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிள். வாய் ஒன்றாக இருந்தாலும் அந்தக் கேபிள்களில் பலவற்றின் உள்ளே யுஎஸ்பி 2 கம்பிதான் ஓடுகிறது. டிரைவோடு பெட்டியில் வந்த குட்டைக் கேபிளை எடுத்துச் செருகியதும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதற்கு மேல் பழைய டிஸ்கால் தர முடியவில்லை. இரண்டு கேபிளிலும் இப்போது பெயிண்ட் பேனாவால் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

சாகக் கிடக்கும் டிஸ்கிலிருந்து இழுத்துப் போட்டு காப்பி எடுக்காதீர்கள். படிக்க முடியாத ஒரு ஃபைல் வந்தால் மொத்தமும் அந்த இடத்தில் நின்றுவிடும். எது போனது, எது போகவில்லை என்று காலையில் தெரியாது. டெர்மினலில் ஆர்சிங்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. படிக்க முடியாததைப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாம் முறை ஓட்டும்போது இரு பக்க ஃபைல்களையும் உள்ளே வரை படித்து ஒப்பிடச் சொல்லலாம். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பிறகு நிம்மதியாகத் தூங்கலாம். விண்டோஸில் ரோபோகாப்பி காப்பி எடுக்கும் வேலையை இதேபோல் செய்யும், உள்ளே வரை படித்து ஒப்பிடுவது மட்டும் அதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து யுபிஎஸ்-ஸில் செருகிவிட்டுப் படுத்தேன். எஸ்எஸ்டி தொட முடியாத சூட்டில் இருந்தது. சூடு ஏறினால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஃபேன் காற்று படும்படி ஓர் எவர்சில்வர் தட்டின் மேல் வைத்தேன். காலையில் பட்டியலில் படிக்க முடியாத ஃபைல் ஆறு. ஆறுமே ஒரு லைப்ரரியைச் சேர்ந்தவை. அதை மட்டும் திரும்ப இறக்கிக்கொண்டேன்.

உள் டிரைவில் இருந்தவற்றுக்கு வருகிறேன். லாஜிக்கில் கஷ்டமே இல்லை. மெனுவில் சவுண்ட் லைப்ரரி என்ற இடத்தில் ரீலொகேட் என்று இருக்கிறது, டிரைவைக் காட்டினால் அதுவே நகர்த்திக்கொள்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நீங்கள் சொந்தமாகச் செய்து சேமித்த பேட்ச்சுகள், அதாவது ஒரு வாத்தியத்தின் அமைப்பைச் சேமித்த ஃபைல்கள், இதோடு போகாது. அவை மியூசிக் ஃபோல்டருக்குள் 'ஆடியோ மியூசிக் ஆப்ஸ்' என்பதில் அப்படியே இருக்கும்.

ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் கம்பெனிக் கருவிகளின் வழி வேறு. ஆம்னிஸ்பியர், கீஸ்கேப், ட்ரிலியன் மூன்றின் சரக்கும் 'ஸ்டீம்' என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கிறது. அந்த ஃபோல்டரை முழுசாகப் புது டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, பழைய இடத்தில் அதற்கு ஓர் ஏலியஸ், அதாவது அங்கே போ என்று காட்டும் கைகாட்டிப் பலகை, வைக்க வேண்டும். மேக்கில் ஏலியஸ் உண்டாக்கினால் பெயர் 'ஸ்டீம் ஏலியஸ்' என்று வரும். அந்த 'ஏலியஸ்' என்ற சொல்லை, அதற்கு முன்னால் இருக்கும் இடைவெளியோடு சேர்த்து, அழித்துவிட வேண்டும். வெறும் 'ஸ்டீம்' என்று மட்டும் இருந்தால்தான் கருவிக்குப் புரியும். நான் சொல்லை அழித்தேன், இடைவெளியை விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்து இடத்துக்காக முக்கால் மணி நேரம் தேடினேன். விண்டோஸிலும் இப்படித்தான், ஷார்ட்கட்டில் ஒட்டிக்கொள்ளும் உபரிச் சொல்லை நீக்க வேண்டும். மூன்று கருவியையும் திறந்து, ஒவ்வொன்றிலும் நாலு சவுண்ட் வாசித்துப் பார்த்த பிறகே பழைய ஃபோல்டரை அழித்தேன். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், அது கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, சவுண்ட் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

கான்டாக்ட்டில் இரண்டு ஜாதி உண்டு. கான்டாக்ட் லைப்ரரிகளை நிர்வகிக்கும் நேட்டிவ் ஆக்சஸ் என்ற மென்பொருளில் பெயரோடு பதிவாகியிருக்கும் லைப்ரரிகள் ஒன்று. இடம் மாறினால் அங்கே போய்ப் புது ஃபோல்டரைக் காட்டினால் போதும். மற்றது, எந்தப் பதிவும் இல்லாமல் வெறும் ஃபோல்டராக வாங்கியவை, நாமே செய்தவை. இவற்றில் பேட்ச் ஃபைல் தனியாக, ஒலிகள் தனியாக இருக்கும். பேட்ச்சுக்குள் விலாசம் இருக்கும். ஃபோல்டர் முழுசாகச் சேர்ந்து நகர்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கும், பிரிந்தால் ஒலிகளைக் காணோம் என்று பெட்டி வரும். ஒவ்வொரு பேட்ச்சாகத் திறந்து சரிசெய்து மாளாது. முழு கான்டாக்ட் (இலவச பிளேயர் அல்ல) வைத்திருப்பவர்கள் பேட்ச் ரீசேவ் (Batch Resave, மொத்தமாகத் திரும்பச் சேமிப்பது) என்பதைக் கொடுத்தால் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றின் விலாசத்தையும் ஒரே மூச்சில் திருத்தி எழுதிவிடும். அதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபைல்களின் மேலேயே எழுதுகிறது.

எல்லாம் முடிந்து கான்டாக்ட்டின் மெமரி அமைப்பில் அந்த 60 கிலோபைட்டை 12 ஆகக் குறைத்தேன். எஸ்எஸ்டி உடனே எடுத்துத் தருவதால் தலை அவ்வளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒரு லட்சம் பதிவுகளை ஏற்றும் ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் (எல்லா வாத்தியமும் தயாராக வைத்த ப்ராஜெக்ட்) என்றால், தலைகள் மட்டும் 6 ஜிபி பிடித்த இடத்தில் 1.2 ஜிபி. காலையில் டெம்ப்ளேட்டைத் திறந்துவிட்டு காபி போடப் போகும் வழக்கம் எனக்கு உண்டு. இப்போது பால் காய்வதற்குள் திறந்துவிடுகிறது.

ஒன்பதாம் நாள் ஒரு பக்தி ஆல்பத்துக்காகப் பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்தேன். 174 ஒலிகளைக் காணோம் என்றது.

எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 42 கட்டை, ஒவ்வொன்றும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக. அது 126. கட்டையை விடும் சத்தம் 42. துருத்தி மூச்சு 6. அப்பாவின் ஆர்மோனியம்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெட்டி. அப்பா மார்கழி பஜனைக்கு வாசிப்பார், தெரு நாடகக்காரர்களுக்கும் வாசித்திருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி விடுமுறையில், கூடத்து ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் ஜமக்காளம் கட்டி, இரண்டு மைக் வைத்து, ஒவ்வொரு கட்டையாக அப்பாவே வாசிக்க நான் பதிவு செய்தேன். துருத்தியை ஒரே சீராக 12 வினாடி அழுத்த வேண்டும். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் 126-ஐயும் அவரே வாசித்தார். மொத்தம் அரை ஜிபி கூட வராது.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் இருந்தது. ஒரு கட்டை ஸ்ருதிக்கு (மேற்கத்திய C) அந்தர காந்தாரமாக வரும் வெள்ளைக் கட்டை கொஞ்சம் இறங்கி ஒலிக்கும். காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கான ரீடு வயதாகித் தளர்ந்ததால் அப்படி. ஆர்மோனியத்தில் பன்னிரண்டு ஸ்வரத்தையும் சம தூரத்தில் வைப்பதால், ஷட்ஜத்தோடு இயற்கையாகச் சேரும் காந்தாரத்தைவிட அதன் காந்தாரம் 14 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு, தூக்கலாகவே இருக்கும். எங்கள் பெட்டியில் ரீடு தளர்ந்து தளர்ந்து அந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஷட்ஜத்தோடு சேர்த்துப் பிடித்தால் அலையடிக்காமல் தேன்போல் நிற்கும். போன வருஷம் பெட்டியைப் பழுது பார்த்தபோது ரிப்பேர்காரர் புது ரீடு போட்டு, ட்யூனர் வைத்து எல்லா ஸ்வரத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டார். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. பழைய காந்தாரம் அதோடு என் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

இப்போது டிஸ்கிலும் இல்லை. பேட்ச் மட்டும் இருந்தது. அது தேடிய விலாசத்தைப் பார்த்தேன்: 'டெஸ்க்டாப் பழசு', அதற்குள் 'புது ஃபோல்டர் 3'. மூன்று வருஷத்துக்கு முன் மேக் மாற்றியபோது பழைய டெஸ்க்டாப்பை அப்படியே வாரி அந்த எக்ஸ்டர்னலில் போட்டிருந்தேன். இந்த முறை காப்பி எடுக்கும் முன் குப்பை என்று நினைத்து நான் விட்டுவிட்ட ஒரே ஃபோல்டர் அதுதான். அடுக்காதே என்று அண்ணன் சொன்னதை அந்த ஓர் இடத்தில்தான் மீறினேன். வேறு எங்கும் காப்பி இல்லை. விலை கொடுத்து வாங்கியதையெல்லாம் கம்பெனி சர்வரிலிருந்து நாளைக்கே திரும்ப இறக்கலாம். இதை எங்கிருந்து இறக்குவது?

பீரோவைத் திறந்தேன். தேதி ஒட்டிய டிஸ்க், துணிக்கு நடுவில். செருகியதும் சுற்ற ஆரம்பித்தது, தட்டியது, நின்றது. மறுபடி செருகினேன். நாலாம் முறை திரையில் வந்தது. அந்த ஃபோல்டரை மட்டும் ஆர்சிங்கில் கொடுத்துவிட்டு, மேசையில் கை வைத்தால்கூட ஆடிவிடுமோ என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை ஜிபி-க்கு நாற்பது நிமிஷம். 173 ஃபைல் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. பெயரைப் பார்த்தேன். அந்தக் காந்தாரம், மெதுவாக வாசித்தது. இரண்டு நாள் முயன்றேன். மூன்றாம் நாள் டிஸ்க் சுற்றுவதையே நிறுத்திவிட்டது.

வந்தவற்றைப் பேட்ச்சும் ஒலியும் ஒரே ஃபோல்டரில் சேரும்படி புதிதாகச் சேமித்தேன். புது டிரைவில் ஒன்று, தம்பி வீட்டில் ஒரு டிஸ்கில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என மூன்று காப்பி. விடுபட்ட ஸ்வரத்துக்குப் பக்கத்து மத்யமத்தின் மெதுவான பதிவைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வண்ணம் சேரவில்லை. நடுத்தரக் காந்தாரத்தையே சத்தம் குறைத்து வைத்தேன். கேட்க ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆல்பத்தில் அதுதான் போயிருக்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனியில் அப்பா வந்திருந்தார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி மெதுவாக ஏறினார். ச, ரி, க. காந்தாரத்தில் விரல் நின்றது. திரும்ப ஒருமுறை தொட்டார்.

"இந்தக் காந்தாரம் மட்டும் ஏன்டா மூச்சு இல்லாம வருது?"

மெதுவாகத் துருத்தி அழுத்தும்போது ஸ்வரம் பிடிப்பதற்கு முன் காற்று மட்டும் கசியும் ஒரு கணம் உண்டு. நடுத்தரப் பதிவில் அது இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கட்டையை அழுத்தியபடியே இருந்தார்.

"பழைய ரீடெல்லாம் ரிப்பேர்காரர் பேப்பர்ல மடிச்சுக் குடுத்தாரே. பரண்ல பித்தளைச் சாமானோட இருக்கும், உங்கம்மாவைக் கேளு. ஒரு ரீடுதானே, கழட்டி மாட்டிட்டா ஆச்சு."

அம்மாவைக் கேட்டேன், இருக்கிறது என்றாள். வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். இரண்டு மைக், இன்டர்ஃபேஸ், ஜன்னலில் கட்ட ஜமக்காளம், ஆர்மோனிய ரீடுக்கு ஏற்ற சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று.